பொருள்: நிறுத்தப்பட்ட மாலை டயாலிசிஸ், திரும்பி வராத முன்பணம்

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 63. மூன்று வருடமாக உங்கள் கோவை கிளையில்தான் செவ்வாய், வியாழன், சனி மாலையில் டயாலிசிஸ். உங்கள் மருத்துவமனைகளை எல்லாம் வேறொரு குழுமம் வாங்கப் போகிறது என்றும், நோயாளிகளுக்கு எந்த மாற்றமும் இருக்காது என்றும் வரவேற்பறையில் போர்டு வைத்தீர்கள். அதை நம்பித்தான் நகையை அடகு வைத்து 40 தடவைக்கான பேக்கேஜுக்கு 72,000 ரூபாய் மொத்தமாகக் கட்டினேன்.

பேரம் முறிந்ததைப் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். போர்டை மட்டும் மறுநாளே எடுத்துவிட்டீர்கள். அப்புறம் ரத்தத்தை வடிகட்டும் டயலைசரை வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள், சப்ளையருக்குப் பாக்கியாம், பேக்கேஜில் அதுவும் சேர்த்திதானே என்று கேட்டால் பதில் இல்லை. விற்பனை முடியட்டும் என்று மாதக்கணக்கில் புது ஆள் எடுக்காமலேயே ஓட்டியிருக்கிறீர்கள், சம்பளமும் தள்ளிப்போக, நர்ஸ்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அம்மாவுக்கு இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம். அதில் ஊசி ஏற்றுவது எல்லோருக்கும் கைவராது. வழக்கமாகப் பார்க்கும் சிஸ்டர் இரண்டு விரலால் தடவி, அந்த அதிர்வு எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஒரே குத்தில் ஏற்றிவிடுவார். அவர் போனபின் வந்த பையன் நான்கு இடத்தில் குத்தினான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வீங்கிக் கருநீலமாகிவிட்டது. "விடுப்பா, சின்னப் பையன், பயந்துட்டான்" என்று அம்மாதான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

அதற்கடுத்த வாரம் மாலை ஷிப்டே இல்லை என்றார்கள். முன்கூட்டி ஒரு போன்கூட இல்லை. காலையில் இடம் கிடைக்காமல் இரண்டு தடவை தவறிப்போனது. ஞாயிறு ராத்திரி நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறியவரை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

லாஸ் ஏஞ்சல்ஸில் 1856இல் தொடங்கிய செயின்ட் வின்சென்ட் மருத்துவமனைக்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதையும் சேர்த்து 4 மருத்துவமனைகளை 61 கோடி டாலருக்கு விற்கும் பேரம் 2019 டிசம்பரில் முறிந்தது. அடுத்த மாதமே அதை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வரை நடந்த இடம் அது. இங்கேயும் மூடப் போகிறீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நாங்கள் வேறு இடம் தேட வேண்டும்.

இன்னும் 23 தடவை பாக்கி இருக்கிறது, அதாவது 41,400 ரூபாய். புது நிர்வாகம் வந்ததும் பார்க்கலாம் என்றார்கள், இப்போது ஹெட் ஆபீஸைக் கேளுங்கள் என்கிறார்கள். பணத்தை வாங்கியது நீங்கள், வாங்க வந்தவர்கள் இல்லை. அந்தத் தொகை எனக்குத் திரும்ப வேண்டும். அம்மாவின் ஃபைல் முழுவதும் வேண்டும், கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் வருட விதி. இரண்டும் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

அதற்கெல்லாம் முன்னால், வரும் சனிக்கிழமை அம்மாவுக்கு எந்த இடத்தில், எத்தனை மணிக்கு டயாலிசிஸ் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் போனில் சொல்லுங்கள்.