120 ஃபிரேம் என்று விற்றீர்கள், வீட்டில் வந்தது 45

அனுப்புநர்: மதுரையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கேமிங் கணினி விளம்பரத்தில் தவறான தகவல் தந்தது தொடர்பாக

ஐயா,

சென்ற மாதம் உங்களிடம் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி பற்றிய புகார் இது. கணினி நன்றாகவே ஓடுகிறது, பேக்கிங்கிலும் குறையில்லை. என் புகார் உங்கள் விற்பனைப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு வரியைப் பற்றியது: "ஆர்டிஎக்ஸ் 3060, டிஎல்எஸ்எஸ் 4 வசதி, 1440பி-யில் சைபர்பங்க் 2077 120 ஃபிரேம்." அதாவது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டில், சிறிய படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் உதவியோடு, 2560×1440 திரையில் சைபர்பங்க் என்ற விளையாட்டு நொடிக்கு 120 படம் (ஃபிரேம்) ஓடும் என்று பொருள்.

ரே டிரேசிங்கை (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் வசதி) அணைத்துவிட்டு, அல்ட்ரா என்ற உயர்தர செட்டிங்கில் ஓட்டிப் பார்த்தேன். 45-ஐத் தாண்டவே திணறியது. உங்கள் சேவை மையத்தை அழைத்ததும் தம்பி ஒருவர் ரிமோட்டில் வந்து எதையோ மாற்றினார். "இப்ப பாருங்க சார், 115 வந்துடுச்சு" என்றார். வந்தது உண்மைதான். அன்று மாலை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அக்கா பையன், அவனே கண்ணாடி போட்டவன், "மாமா, அந்தக் கம்பி வேலி ஏன் இப்படி மினுமினுக்குது?" என்று கேட்டான். அப்புறம்தான் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன்.

உங்கள் ஊழியர் போட்டுவிட்டுப் போனது டிஎல்எஸ்எஸ்ஸே அல்ல. ஏஎம்டி நிறுவனத்தின் இதேபோன்ற தொழில்நுட்பமான எஃப்எஸ்ஆர் 3, அதுவும் தரத்தைவிட வேகத்தைப் பார்க்கும் பெர்ஃபார்மன்ஸ் மோடில், ஃபிரேம் ஜெனரேஷனோடு. அந்த மோடில் கார்டு வரைவது 1280×720 படம்தான். அதை 2560×1440 ஆகப் பெருக்கிக் காட்டுகிறார்கள், அதாவது நான்கு புள்ளிகளில் ஒன்றுதான் நிஜமாக வரைந்தது. அதற்கு மேல், இரண்டு ஃபிரேமில் ஒன்று ஃபிரேம் ஜெனரேஷன் இடையில் கணித்துச் செருகியது. ஆக, நான் பார்க்கும் எட்டுப் புள்ளிகளில் ஏழு ஊகம். இடைச்செருகல் செய்ய அடுத்த நிஜ ஃபிரேமுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதால், மவுஸை அசைத்தால் கை ஒரு பக்கம், காட்சி ஒரு பக்கம் என்று இழுக்கிறது. மீட்டரில் 115 தெரிந்தாலும் கைக்கு அந்த வேகம் கிடைப்பதில்லை.

எஃப்எஸ்ஆர்-ஐ நான் குறை சொல்லவில்லை. பழைய கார்டு வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் நீங்கள் எழுதியது டிஎல்எஸ்எஸ் 4. 2025 ஜனவரியில் வந்த அந்தப் பொட்டலத்தில் பல சரக்கு இருக்கிறது. புதிய டிரான்ஸ்ஃபார்மர் அப்ஸ்கேலிங் (புது வகை ஏஐ மாடலால் படத்தைப் பெரிதாக்குவது) எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டிலும் வேலை செய்யும். டிஎல்எஸ்எஸ்ஸின் ஃபிரேம் ஜெனரேஷனுக்கு ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டாவது வேண்டும், ஒன்றுக்குப் பதில் பல ஃபிரேம்களை இடையில் செருகும் மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் 50 வரிசைக்கு மட்டும். 3060-க்குப் பாதிப் பொட்டலம்தான் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

உங்கள் ஒப்பீட்டு அட்டவணையும் அப்படித்தான். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், இன்டெலின் இதேபோன்ற எக்ஸ்இஎஸ்எஸ் மூன்றையும் 'குவாலிட்டி' மோடில் வைத்து, சரிசமமாக ஒப்பிட்டதாகப் போட்டிருக்கிறீர்கள். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இரண்டும் குவாலிட்டியில் ஒவ்வொரு பக்கத்தையும் 1.5 மடங்கு பெருக்குகின்றன. எக்ஸ்இஎஸ்எஸ்ஸோ, அதன் 1.3 பதிப்பிலிருந்து, அதே பெயரில் 1.7 மடங்கு பெருக்குகிறது. பெயர் ஒன்றானாலும் உள்ளே ஓடும் ரெசல்யூஷன் வேறு. அதுபோக, எக்ஸ்இஎஸ்எஸ் முழுத் தரத்தோடு ஓடுவது இன்டெலின் சொந்த ஆர்க் கார்டுகளில்தான். மற்ற கார்டுகளில் ஓடுவது அதன் எளிய வடிவம்.

இப்போது நான் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டியில் ஆடுகிறேன். 60-ஐ ஒட்டி வருகிறது, வேலி வேலியாகத் தெரிகிறது. சரி, இந்தக் கார்டுக்கு அதுவே நியாயமான எண். அதையே விளம்பரத்தில் போட்டிருந்தால், கொஞ்சம் பணம் சேர்த்து 40 வரிசைக் கார்டாக வாங்கியிருப்பேன்.

எனவே கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, விலை வித்தியாசத்தை நான் கட்ட, 40 வரிசைக் கார்டு ஒன்றைப் பொருத்தித் தாருங்கள். கழற்றி மாட்டும் கூலி உங்களுடையது. விற்பனைப் பக்கத்தில் எந்தத் தொழில்நுட்பம், எந்த மோடு, ஃபிரேம் ஜெனரேஷன் உண்டா இல்லையா என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிவு செய்வேன். தவறாக வழிநடத்தும் விளம்பரம் பற்றி 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் படித்து வைத்திருக்கிறேன்.

பில் நகல், உங்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், இரண்டு செட்டிங்கிலும் எடுத்த வீடியோ ஆகியவற்றை இணைத்துள்ளேன். வேலியைப் பெரிய திரையில் பாருங்கள், போனில் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்