சட்ட வரலாற்று வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு நம் வட்டம் எடுத்துக்கொண்டது, 1905 முதல் 1922 வரை சிகாகோவில் அமெரிக்கக் கூட்டாட்சி மாவட்ட நீதிபதியாக இருந்த கெனசா மவுண்டன் லாண்டிஸின் வாழ்வும் தீர்ப்புகளும். உள்நாட்டுப் போரில் தந்தை காயமுற்ற மலையின் பெயரே மகனுக்கு வைக்கப்பட்டது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, நீதிமன்றச் சுருக்கெழுத்தராகி, 1891இல் சட்டப் பட்டம் பெற்றார். அவரை நியமித்தவர் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்.

அதிக நேரம் எடுத்தது 1907ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஆயில் வழக்கு. வைட்டிங்கிலிருந்து கிழக்கு செயின்ட் லூயிக்கு ரயிலில் எண்ணெய் அனுப்ப, 100 பவுண்டுக்கு அறிவிக்கப்பட்ட கட்டணம் 18 சென்ட். அந்நிறுவனத்தின் இந்தியானா கிளைக் கம்பெனி கட்டியதோ 6 சென்ட். அறிவித்ததை விடக் குறைந்த ரயில் கட்டணத்தைத் தடைசெய்த 1903ஆம் ஆண்டின் எல்கின்ஸ் சட்டப்படி ஒரு குற்றத்துக்கு உச்ச அபராதம் 20,000 டாலர். ஒவ்வொரு வேகனையும் ஒரு குற்றமாக எண்ணினார் லாண்டிஸ். 1,462 வேகன், ஒவ்வொன்றுக்கும் 20,000. ஆக மொத்தம் 2,92,40,000 டாலர். ஊரெல்லாம் அவர் பெயர்தான்.

1908இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணங்கள் மூன்று என்று உறுப்பினர்கள் பிரித்துக் காட்டினர். குற்றத்தின் அலகு வேகன் அல்ல. 6 சென்ட் சட்டப்படியான கட்டணம் என்று கம்பெனி ஆட்கள் நம்பினார்கள் என்பதற்கான சாட்சியத்தை அவர் அனுமதித்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் கனமானது: கூண்டில் நின்றது 10 லட்சம் டாலர் மூலதனமுள்ள இந்தியானா கம்பெனி, தண்டனையோ வழக்கில் தரப்பாகவே இல்லாத தாய் நிறுவனத்தின் செல்வத்தை அளந்து விதிக்கப்பட்டது. மறுவிசாரணையில் குற்றங்கள் 36 ஆகச் சுருங்கின. அதன்படி உச்ச அபராதமே 7,20,000 டாலர்தான். 1909இல் கம்பெனி விடுதலையானது. சலுகைக் கட்டணம் என்ற அநியாயம் உண்மையானது. அபராதம் ரத்தானது அவர் வழக்கை நடத்திய முறையால்தான் என்பதே நம் கூட்டத்தின் கருத்து.

முதல் உலகப் போரின்போது உளவுச் சட்டத்தின் கீழ் சோஷலிஸ்ட் தலைவர் விக்டர் பெர்கர் உள்ளிட்ட ஐவர் மீது தொடுக்கப்பட்ட வழக்கை வழக்கறிஞர் உறுப்பினர்கள் தனியாக வாசிக்க வேண்டும். நீதிபதி ஒருதலைப்பட்சமானவர் என்று உரிய காலத்தில் பிரமாண வாக்குமூலமும், அது நல்லெண்ணத்தோடு தரப்பட்டது என்ற வழக்கறிஞர் சான்றும் தாக்கலானால், அதில் சொன்ன காரணம் சட்டப்படி போதுமானதா என்று மட்டுமே நீதிபதி பார்க்கலாம்; உண்மையா பொய்யா என்று அவரே விசாரிக்கக் கூடாது. ஜெர்மன் வம்சாவளியினரைப் பற்றி லாண்டிஸ் கடுஞ்சொல் பேசியதாக வாக்குமூலம் வந்தது. அவர் விலகவில்லை, ஐவருக்கும் தலா 20 ஆண்டு சிறை விதித்தார். 1921இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது.

பேஸ்பால் கதையைச் சுருக்கமாகவே எடுத்தோம். 1915இல் பெரிய பேஸ்பால் லீக்குகளுக்கு எதிராக, போட்டி அமைப்பான ஃபெடரல் லீக் தொடுத்த வழக்கில் அவர் தீர்ப்பே சொல்லவில்லை. ஆண்டுக் கடைசியில் தரப்பினர் சமரசமாகிவிட்டனர். 1920 நவம்பரில் அந்த விளையாட்டை மேற்பார்வையிடும் தலைமைப் பொறுப்பான பேஸ்பால் ஆணையர் ஆனார். சம்பளம் 50,000 டாலர். நீதிபதிச் சம்பளமான 7,500ஐக் கழித்து 42,500 பெற்றார். இரு பதவிகளையும் சேர்த்து வகித்ததற்கு வழக்கறிஞர் சங்கம் 1921இல் கண்டனம் தெரிவித்தது. மறு ஆண்டு நீதிபதிப் பதவியை விட்டார். கழித்துப் பெற்றதால் பிழை தீர்ந்துவிடாது; பெர்கர் வழக்கில் போலவே இங்கும் விலக வேண்டிய நேரத்தில் அவர் விலகவில்லை.

வரும் ஆண்டுக்கு, அவருடைய காலத்தவரான நியூயார்க் நீதிபதி லேர்னட் ஹாண்டின் 1917ஆம் ஆண்டு 'மாசஸ்' இதழ்த் தீர்ப்பைச் செயற்குழு முன்மொழிகிறது. போர்க்கால உளவுச் சட்டத்தை இவ்விருவரும் கையாண்ட விதத்தை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்