டிரா என்றால் வெட்டி ஆட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐந்து நாள் ஆடிவிட்டுக் கடைசியில் யாருக்கும் வெற்றியில்லை, டிரா என்று கைகுலுக்கிப் போவதற்கு எதற்கு டெஸ்ட் கிரிக்கெட் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இருபது ஓவர் ஆட்டம் மட்டுமே பார்க்கும் என் பேரனும் அதே கட்சிதான்.

2021 ஜனவரி 11, ஆஸ்திரேலியாவுடன் இந்தியா ஆடிய சிட்னி டெஸ்டின் கடைசி நாள். இங்கே மலேசியாவில் நமக்குக் காலையிலேயே ஆட்டம். இந்தியாவுக்கு இலக்கு 407. பந்த் 97 ஓட்டம் எடுத்து வெளியேறும்வரை நானும் வெற்றிக் கனவில்தான் இருந்தேன். பிறகு புஜாராவும் போனார். விஹாரிக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டது, ஓட முடியவில்லை. அஸ்வினுக்கு முதுகுவலி. அடுத்து இறங்க வேண்டிய ஜடேஜாவுக்குக் கட்டைவிரலில் அடி. களத்தில் இருந்த இருவரும் நேரம் முடியும்வரை விக்கெட் விழாமல் 42 ஓவருக்கு மேல் கட்டை போட்டு ஆட்டத்தை டிரா செய்தார்கள்! விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. செந்தூல் வீட்டில் என் மதியச் சோறு ஆறிக் கிடந்தது. அன்று மாலை மறுபடியும் பிகேபி, அதாவது கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு என்று பிரதமர் அறிவித்ததுகூட எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

டிரா என்ற ஒன்று இல்லாதிருந்தால் அந்த ஆட்டம் புஜாராவோடு முடிந்திருக்கும். ஜெயிக்க முடியாதவனுக்கும் தோற்காமல் இருக்க ஒரு வழி இருந்ததால்தான் ஆஸ்திரேலியா கடைசி ஓவர்வரை வியர்வை சிந்தியது.

எல்லா டிராவும் இப்படி என்று சொல்ல வரவில்லை. 1997-இல் கொழும்பில் இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 எடுத்து ஆட்டம் டிரா ஆனதே, அது டிராவின் குற்றமா? பந்து வீசுபவனுக்கு எதுவுமே தராத ஆடுகளத்தின் குற்றம். அந்த மாதிரி ஆட்டத்தைப் பார்ப்பதற்குப் பதில் நான் கொடியில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

டிராவே வேண்டாம் என்றும் ஒரு காலத்தில் ஆடிப் பார்த்தார்கள். 1939-இல் டர்பனில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் முடிவு தெரியும்வரை ஆடுவதாக ஏற்பாடு. பத்தாவது நாள் இங்கிலாந்து 696 இலக்கில் 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தபோது மழை வந்தது. ஊர் திரும்பக் கப்பலைப் பிடிக்க வேண்டும். சரி, டிரா என்று கிளம்பிவிட்டார்கள்!

2025 ஜூலையில் இங்கிலாந்துடன் இந்தியா ஆடிய மான்செஸ்டர் டெஸ்டைப் பேரனோடு உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது இன்னிங்ஸில் ஓட்டமே எடுக்காமல் இரண்டு விக்கெட்டைப் பறிகொடுத்த இந்தியா கடைசி நாள் முழுவதும் தாக்குப்பிடித்தது. போதும், டிரா என்று முடித்துக்கொள்ளலாம் என இங்கிலாந்து அணித் தலைவர் ஸ்டோக்ஸ் கை நீட்டினார். சதத்தை நெருங்கியிருந்த ஜடேஜாவும் நம் வாஷிங்டன் சுந்தரும் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. இருவரும் சதம் அடித்த பிறகுதான் ஆட்டம் முடிந்தது. இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. பேரன் எப்போதோ தூங்கிப்போயிருந்தான். காலையில் சீருடை மாட்டிக்கொண்டே, “யார் ஜெயிச்சது தாத்தா?” என்றான். டிரா என்றேன். “அதானே!” என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பள்ளி விடுமுறையில் அவனைப் பிடித்து உட்காரவைத்து, அந்தக் கைகுலுக்காத காட்சியையாவது காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
செந்தூல், கோலாலம்பூர்