‘திரு.’வை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், வாசகர்கள் இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கிப் போட்ட பக்கத்தில் என் குறிப்பும் வந்திருந்தது. நன்றி. பன்னிரண்டு வரி எழுதி அனுப்பினேன், இரண்டு வரி வந்திருக்கிறது. பத்திரிகையில் இடம் எவ்வளவு அருமை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு வரிக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், நீங்களாக ஒரு வரி சேர்ப்பதற்கு மட்டும் இடம் எங்கிருந்து வந்தது? ‘64 வயதிலும் குழந்தை மனம் மாறாத வாசகி!’ ஆச்சரியக்குறியும் உங்களுடையதுதான். பக்கத்தில் ஒரு பறக்கும் தட்டின் படம் வேறு.

அதே பக்கத்தில், சோழர் காலத்து நாவல் ஒன்றை ஏழாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கும் அன்பருக்கு அரைப்பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அவருடைய வயதைப் போடவில்லை. மனதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் படித்துக்கொண்டிருந்தது அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ என்ற அறிவியல் புனைகதை. உங்களுக்குத் தெரியாத புத்தகம் இல்லை. அதில் பறக்கும் தட்டு வந்து சண்டை போடுவதில்லை. எப்போதும் பனிக்காலமாக இருக்கிற ஒரு கிரகம். அங்கே உள்ளவர்கள் மாதத்தில் சில நாட்கள் தவிர ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அந்தச் சில நாட்களில் யாரும் எதுவாகவும் ஆகலாம். போன வருடம் பிள்ளை பெற்றவர் அடுத்த வருடம் இன்னொரு பிள்ளைக்கு அப்பாவாகலாம். தூதராகப் போன ஒரு மனிதரும் அந்த ஊர்க்காரர் ஒருவரும் வண்டியை இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் பனிப்பாளத்தைக் கடக்கிறார்கள், ஒரே கூடாரத்தில், அளந்து வைத்த சாப்பாட்டோடு. இதைக் குழந்தைகளுக்கான கதை என்றால், குழந்தைகளைப் பற்றி உங்களுக்கு ரொம்பப் பெரிய அபிப்பிராயம் இருக்கவேண்டும்.

நீங்கள் வெட்டிய பத்து வரியில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என் மதினிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். “ராஜா மாசமா இருக்காரு மதினி” என்றேன். உரிப்பதை நிறுத்திவிட்டார். “ஆம்பள எப்படி மாசமாவான்?” சரி என்று ‘அவங்க’ என்று மாற்றிச் சொன்னேன். “அப்ப ராணின்னு சொல்லு” என்றார். ‘அவரு’ என்றால் மதினிக்கு ஆண், ‘அவங்க’ என்றால் பெண். நடுவில் ஒரு சொல்லுக்குத் தவித்தபோதுதான் உறைத்தது, எழுத்துத் தமிழில் அது ஏற்கெனவே இருக்கிறது. ‘ராஜா வந்தார், அவர் கர்ப்பமாக இருக்கிறார்’ என்று எழுதினால் இலக்கணம் ஒரு கேள்வி கேட்காது. லெ குவினுக்கு ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. அந்த மக்களை ஆண்பால் சொல்லிலேயே எழுதினார், அதற்காகப் பல வருடம் திட்டு வாங்கினார். முதலில் அதை நியாயப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். 1987இல் அதே கட்டுரைக்குள் தன் பழைய வாதங்களுக்குத் தானே மறுப்பு எழுதிச் சேர்த்தார். அவர் அவ்வளவு மல்லாடிய இடத்தை நம் ‘அவர்’ சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறது. இதைத்தான் எழுதியிருந்தேன். நீங்கள் போட்டது: ‘பனி நிறைந்த கிரகத்தில் நடக்கும் கதை. விறுவிறுப்பாக இருக்கிறது.’ விறுவிறுப்பு என்ற சொல்லை நான் எழுதவே இல்லை.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆசிரியரின் பெயரை ‘திரு. உர்சுலா லெ குவின்’ என்று போட்டிருக்கிறீர்கள். அவர் பெண். அவர் படைத்த அந்தக் கிரகத்தில் திருவும் இல்லை திருமதியும் இல்லை. அங்கே உங்கள் பத்திரிகை நடந்திருந்தால் இந்தப் பிழையே வந்திருக்காது.

குழந்தை மனம் என்பது எனக்குப் புதிதும் இல்லை. எங்கள் ஊர் நூலகத்தில் இந்த வகைப் புத்தகங்கள் எல்லாம் சிறுவர் பிரிவில்தான் இருக்கும். அங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த குட்டி ஸ்டூல்கள்தான் உண்டு. மூட்டுவலிக்காரி நான் அதில் உட்கார்ந்து எழுந்திருக்க அலமாரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை அலமாரியும் கூடவே வந்தது. புத்தகக் காட்சியில் ஒரு கடையில் பில் போடும் தம்பி, “பேரனுக்கா மேடம்?” என்று கேட்டான். எனக்குப் பேரன் இல்லை என்றேன். “பேத்தியும் படிக்கலாம் மேடம்” என்றான். நல்ல பையன், பத்து சதவீதத் தள்ளுபடி போக மேலும் இருபது ரூபாய் குறைத்தான்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டு ஆப்பரேட்டராக இருந்தவள். வெளியூருக்குப் பேச, வேகத்துக்கேற்ற கட்டணத்தில், ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று கால் புக் செய்கிற காலம். மதுரைக்கு ஒரு ஆர்டினரி கால் கிடைக்க மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். சாவுச் செய்தி சொல்லக்கூட, லைட்னிங் கட்டணத்தைக் கேட்டுவிட்டு, “பரவாயில்லம்மா, ஆர்டினரியே போடுங்க” என்பவர்கள் உண்டு. எண்பதுகளில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ விகடனில் தொடராக வந்தபோது, நைட் டியூட்டியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டே படித்தேன். ஜீனோ என்ற இயந்திர நாய் பேசுவதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போர்டில் விளக்கு எரியும். லெ குவினுடைய கதைகளில் ‘அன்சிபிள்’ என்று ஒரு கருவி வருகிறது. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம், ஒரு நொடி தாமதம் இல்லாமல் செய்தி போகும். அதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது சாவுச் செய்திக்கு ஆர்டினரி போட்ட அந்த ஆட்களைத்தான்.

2008 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிப்ரவரி 27இல் சுஜாதா போனார். மூன்று வாரம் கழித்து, மார்ச் 19இல், கொழும்பில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் போனார். பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் செயற்கைக்கோளை நிறுத்தி உலகம் முழுக்கப் பேசலாம் என்று 1945லேயே எழுதியவர். 1956இலிருந்து இலங்கையிலேயே வாழ்ந்தவர். வெளிநாட்டு ஃபோன் காலில் நாம் பேசியது அங்கே போய்ச் சேர ஒரு சின்னத் தயக்கம் வருமே, அந்தத் தயக்கம் கிளார்க் சொன்ன தூரம். அதை வைத்து உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், வரவில்லை. அவருக்கு நீங்கள் கொடுத்தது நான்கு வரிப் பெட்டிச் செய்தி. அதில் இரண்டு வரி அவருடைய ஸ்கூபா டைவிங் பற்றி.

அப்புறம் உங்கள் அறிவியல் புனைகதைச் சிறப்பிதழ். ‘இவ்வகை எழுத்து நம் மண்ணுக்குப் புதிது’ என்று தலையங்கம். 1905இல் வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ வெளிவந்தது சென்னையிலிருந்து நடந்த ஒரு பெண்கள் பத்திரிகையில். ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் ஆட்சியில், சூரிய வெப்பத்தைத் திருப்பிவிட்டே எதிரிப் படையை விரட்டுகிறார்கள். இதையும் எழுதிப் போட்டேன், அதுவும் வரவில்லை. அதே இதழில் சீவக சிந்தாமணியின் மயிற்பொறி, அன்றைய தமிழன் கண்ட விமானம் என்று ஒரு பேராசிரியர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்துப் பறக்கும், இடப்பக்கம் திருகினால் இறங்கிக் கால் குவித்து நிற்கும் என்கிறார் திருத்தக்கதேவர். கால் குவித்து நிற்கும் என்று எழுதியிருக்கிறாரே, அந்த மனுஷனின் கற்பனைக்கு அல்லவா கும்பிடு போடவேண்டும்? அப்படி ஒன்று நிஜமாகவே ஓடியது என்று சாதித்தால் அவருக்கு அதில் என்ன பெருமை மிச்சம்? மயில் பறந்தால் காப்பியம், ராக்கெட் பறந்தால் பாப்பா மலர்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஐந்து பேர் கூடுவோம், கையில் இருக்கிற புத்தகத்தைப் பற்றிப் பேச. அந்தக் ‘குழந்தை’களையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். லேத் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி, ‘டியூன்’ படிக்கிறார். பதிப்பாளர்கள் பலர் திருப்பி அனுப்பிய அந்த நாவலை 1965இல் புத்தகமாகப் போட்டது கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பெயர்போன நிறுவனம் என்பதில் அவருக்குத் தனி சந்தோஷம். வியர்வையையும் வடிகட்டிக் குடிக்கிற பாலைவன மனிதர்களை அவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை, தெருக்குழாயில் ராத்திரி இரண்டு மணிக்குக் குடம் வைத்து வளர்ந்தவர். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற பெண், சீன எழுத்தாளர் லியு சிசினைப் பிடித்திருக்கிறாள். அவருடைய நாவலில் வருகிற சீனக் கலாச்சாரப் புரட்சி பற்றி அவள் கேட்கிற கேள்விகளுக்கு எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. உங்கள் பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டச் சொல்லியிருக்கிறேன்.

வெட்டிய வரிகளைத் திரும்பப் போடச் சொல்லவில்லை. வருத்தம் தெரிவிக்கவும் வேண்டாம், உங்களுக்கு அது பழக்கமில்லை. அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில், ‘திரு. உர்சுலா லெ குவின் என்பதை உர்சுலா லெ குவின் என்று திருத்திப் படிக்கவும்’ என்று ஒரு வரி போட்டால் போதும். படம் வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி (வயது உங்களுக்கே தெரியும்),
விருதுநகர்

பி.கு.: அந்த இரண்டு பேரும் பனியைக் கடந்தார்களா என்று மதினி தினமும் கேட்கிறார். கடைசி நாற்பது பக்கம் பாக்கி.