பிணமாகவும் நடித்தவர்

தாராபுரம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. வெங்காயம் பிடுங்கி முடியட்டும், அப்புறம் எழுதலாம் என்று இருந்துவிட்டேன். விலையை மட்டும் கேட்காதே. முருங்கைதான் இந்த வருஷம் கை கொடுத்தது. வீட்டில் அவளுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீ சொன்ன தைலத்தையும் தேய்த்துப் பார்த்தாயிற்று. சரி, அதை விடு.

சிரிப்பு நடிகர் நாகேஷைப் பற்றி எழுதியிருந்தாயே, எழுபதுகளோடு அவர் கதை முடிந்துவிட்டது, பிறகு வந்ததெல்லாம் துண்டு வேஷம் என்று? கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊர்க்காரரை இப்படிச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா?

அவர் 1933-இல் இங்கே பிறந்தவர் என்றால் இந்தக் காலத்துப் பையன்கள் பாதிப் பேர் நம்புவதில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. கவுண்டமணி, மணிவண்ணன், கோவை சரளா வாயைத் திறந்தால் நம்ம ஊர் தெரியும். நாகேஷ் வீட்டில் பேசியது கன்னடம், திரையில் பேசியது பெரும்பாலும் பட்டணத்துத் தமிழ். நம் பேச்சை அவர் சினிமாவுக்குக் கொண்டுபோகவில்லை என்ற குறை எனக்கும் உண்டு.

மெட்ராஸில் ரயில்வே குமாஸ்தா வேலை. அங்கே ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாக ஒரு சின்ன வேஷம் கிடைத்தது. வலியில் துடிப்பதுதான் அதில் நடிப்பே, பெரிய வசனம் ஏதும் கிடையாது. தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். கதாநாயகனை விட்டுவிட்டு அந்த வயிற்றுவலிக்காரனுக்குப் பரிசு கொடுத்தார். நாகேஷ் யார் என்பது எனக்கு அந்த ஒரு வேஷத்திலேயே தெரிந்துவிடுகிறது. நாடக மேடையில் குளோசப் கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வலி தெரிய வேண்டுமென்றால் முதுகும் முழங்காலும்தான் பேசியாக வேண்டும். அம்மைத் தழும்பு முகத்தோடு, ஈர்க்குச்சி உடம்போடு வந்தவருக்கு அந்த உடம்பே மூலதனம் ஆகிவிட்டது.

அப்புறம் பாலசந்தர். அவரும் அப்போது அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர்தான். 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' மூன்றுமே மேடையிலிருந்து திரைக்குப் போனவை. மூன்றிலும் நாகேஷ்தான் நாயகன். சிரிக்க வைப்பவனை நம்பி முழுக் கதையையும் தூக்கி வைத்தார்கள் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமா?

'காதலிக்க நேரமில்லை' படத்தில் பாலையாவிடம் கதை சொல்கிற காட்சியை மறுபடி ஒருமுறை பார். நாகேஷ் கையை ஆட்டுகிறார், குரலைத் தாழ்த்துகிறார், விதவிதமாகச் சத்தம் போடுகிறார். ஆனால் நமக்குச் சிரிப்பு வருவது பாலையாவின் முகத்தைப் பார்த்து. எதிராளி சிரிப்பை வாங்கட்டும் என்று பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அந்தப் பெருந்தன்மை மேடையில் கூடவே நின்று நடித்தவனுக்குத்தான் வரும். எங்கள் அப்பச்சி டூரிங் கொட்டகையில் அந்தக் காட்சி முடிந்ததும் எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வருவார், அவ்வளவு சிரிப்பு.

இப்போது நீ சொன்ன துண்டு வேஷங்களுக்கு வருகிறேன். 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லன். 'திருவிளையாடல்' தருமியாக அவரைப் பார்த்துச் சிரித்த அதே ஜனங்கள் இவரைப் பார்த்துப் பயந்தார்கள். 1994-இல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணம். வெறும் பிணம், மாப்பிள்ளை! ஊர்வசியும் ரேவதியும் ரோகிணியும் தங்கள் முதலாளி என்று நினைத்து ஆஸ்பத்திரியிலிருந்து கடத்திப்போகிற பிணம். முப்பது வருஷமாகத் துள்ளிக்கொண்டிருந்த உடம்பு ஒன்றுமே செய்யாமல் கிடக்கிறது, கொட்டகை அதிர்கிறது. தலை எந்தப் பக்கம் சாய வேண்டும், கை எவ்வளவு தொங்க வேண்டும் என்பதெல்லாம் வயிற்றுவலிக்காரன் காலத்திலேயே கற்ற பாடம். அதை மறைத்துச் செய்வதற்கு அத்தனை வருஷம் ஆயிற்று. இதைத் துண்டு வேஷம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதே வருஷம் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியர். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. அதாவது, நீ முடிந்துவிட்டது என்று சொன்ன காலத்தில்! பத்ம விருது கடைசிவரை வரவில்லை. யார் யாருக்கோ கொடுக்கிறார்கள், அதைப் பேசினால் இன்னும் இரண்டு தாள் வேண்டும். 2008-இல் 'தசாவதாரம்' வந்தது, அடுத்த ஜனவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நீ சிரிப்பு நடிகர் சந்திரபாபுவின் கட்சி என்பது எனக்குத் தெரியும். அவரைப் பற்றி விவரமாக எழுது, பதில் வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் தோட்டத்துக்கு வந்து நாலு நாள் தங்கு. சாளைக்குப் புது ஓடு போட்டிருக்கிறேன், ஒழுகாது. வரும்போது அந்தத் தைலத்தில் இன்னொரு பாட்டில் வாங்கி வா. பலனில்லை என்றாலும் அவள் கேட்கிறாள்.

அன்புடன்,
உன் மச்சான்