கண்ணாடிக் குழாயும் நம் கடலோர வெயிலும்

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள நண்பர் கோவிந்தராசு அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. தங்கைக்கு மூட்டுவலி குறைந்து வருவதாக அறிந்து இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. புதுச்சேரி லாசுப்பேட்டை வீட்டு மாடியில் சூரிய வெந்நீர்ச் சாதனம் வைக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். விற்க வந்தவர், குழாய்க்குள் வெற்றிடம் இருப்பதால் அது தட்டை வகையைவிட (கண்ணாடி மூடிய தட்டைப் பெட்டிக்குள் செப்புக் குழாய்கள் ஓடும் வகை) இரண்டு மடங்கு வெயிலை இழுக்கும் என்று சொன்னாராமே. அதைப் படித்த பிறகு சுருக்கமாகப் பதில் எழுத மனம் வரவில்லை.

வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. உள்ளே வந்த வெப்பம் வெளியே போகாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போரோசிலிகேட் (சூடு தாங்கும்) கண்ணாடிக் குழாய்களைச் செருகி, வாய்ப்புறத்தை உருக்கி ஒட்டி, இடையிலுள்ள காற்றை வெளியேற்றிவிடுகிறார்கள். தொட்டியில் செருகிய உட்குழாய்க்குள் நீர் நிற்கும். நம் ஊரில் அதிகம் விற்பவற்றில் வெளிக்குழாய் 58 மில்லிமீட்டர் விட்டமும் உட்குழாய் 47 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டவை. 1892-இல் அறிவியலாளர் ஜேம்ஸ் டூவர் உருவாக்கிய ஃபிளாஸ்கின் அமைப்பும் இதேதான். அதில் வெள்ளி பூசுகிற இடத்தில் இதில் கறுப்புப் பூச்சு இருக்கிறது. காற்று இல்லாததால் வெப்பக் கடத்தலும், காற்று நகர்ந்து வெப்பத்தைத் தூக்கிச் செல்லும் சலனமும் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. எஞ்சியிருப்பது கதிர்வீச்சு ஒன்றுதான். அதைத் தடுப்பது அந்தப் பூச்சு.

என்னைப் பொறுத்தவரை இந்தக் குழாயின் உண்மையான அறிவு வெற்றிடத்தைவிட அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. வெயிலின் ஆற்றல் பெரும்பாலும் 2.5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அலைநீளத்தில் வருகிறது. 80 பாகை செல்சியஸ் சூடேறிய பொருளோ 8 மைக்ரானை ஒட்டிய அலைநீளத்தில்தான் வெப்பத்தை மிகுதியாக வீசுகிறது. அலுமினியமும் அலுமினியம் நைட்ரைடும் கலந்த மெல்லிய அடுக்குகளால் ஆன அந்தப் பூச்சு, முதல் வகைக்குக் கரியாகவும் இரண்டாம் வகைக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் நடந்துகொள்கிறது. அதனால் விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உறிஞ்சிக்கொண்டு, சாதாரணக் கறுப்பு வண்ணம் வீசக்கூடிய வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வீசுவதில்லை.

இனி உங்கள் மாடிக்கு வருவோம். பத்துக் குழாய், 100 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.8 மீட்டர் நீளக் குழாய்கள் பத்தும் சேர்ந்து வெயிலுக்குக் காட்டும் கறுப்புப் பரப்பு சுமார் 0.8 சதுர மீட்டர். நல்ல வெயில் நாளில் சதுர மீட்டருக்கு 5 யூனிட் (கிலோவாட் மணி) என்று கொண்டால் விழுவது 4 யூனிட். அதில் அறுபது விழுக்காடு நீரைச் சேர்ந்தால் 2.4 யூனிட். அது 100 லிட்டரை ஏறக்குறைய 20 பாகை உயர்த்தும். தொட்டி நீர் 28 பாகை என்றால் மாலையில் 48 பாகை இருக்கும். தங்கை விளாவிக் குளிக்க அது தாராளம்.

இங்கேதான் விற்பவர் சொல்லாத செய்தி இருக்கிறது. வெப்ப இழப்பு என்பது உள்ளே உள்ள சூட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. 30 பாகைக் காற்றில் 48 பாகை நீரைக் காப்பதற்கு வெற்றிடம் பெரிய உதவி செய்துவிடாது. நல்ல தட்டை வகையும் அதே வேலையைச் செய்யும். உதகையில் பனி விழும் விடியற்காலைக்கும், 90 பாகைக்கு மேல் நீர் கேட்கும் ஆலைக்கும்தான் வெற்றிடத்தின் அருமை தெரியும். (உங்கள் பக்கத்து ஆரோவில் சூரியச் சமையற்கூடத்தின் கூரையில் உள்ள 15 மீட்டர் அகலக் கிண்ணம் வேறு வழியில் போகிறது, அது வெயிலைக் குவித்து நீராவி எடுக்கிறது.) மழைநாளிலும் வெந்நீர் வரும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். மேகத்தின் ஊடே வரும் ஒளியில் ஓரளவு சூடேறும், அவ்வளவே. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு மின்சார ஹீட்டர் துணைக்கு இருக்கட்டும்.

ஆனாலும் குழாய் வகையையே வாங்குங்கள் என்பேன். அதற்குக் காரணங்கள் வேறு. ஒன்று விலை. மற்றொன்று நம் கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீர்: தட்டை வகையின் மெல்லிய செப்புக் குழாய்களை உப்புப் படிவு அடைத்துவிடும், அகன்ற கண்ணாடிக் குழாயில் படிவு அடியில் தங்கினாலும் கழற்றிக் கழுவலாம். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் நம் இரண்டு ஊர்களையும் என்ன செய்தது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழாய்களுக்கிடையே காற்று புகுந்து போக வழியுண்டு, தட்டைக்கு அது கிடையாது. எப்படியும் சட்டத்தைத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் நீரை மட்டுமே இதற்குக் கொடுக்க வேண்டும். பிரஷர் பம்ப் இணைத்தால் குழாய் வாயிலுள்ள சிலிக்கோன் வளையங்கள் தாங்கா. முகம் தெற்கே இருக்கட்டும். மார்கழியில் நம் ஊரின் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 35 பாகை தெற்கே சாய்ந்துவிடும். அந்த மாதத்தில்தானே வெந்நீர் வேண்டும்? ஆகவே நம் 12 பாகை அட்சரேகையைவிடக் கூடுதலாக, 25 பாகை போலச் சாய்வு வைக்கலாம். முதல்முறை விடியற்காலையில் நீர் நிரப்பச் சொல்லுங்கள். வெறுங்குழாய் நடுப்பகல் வெயிலில் 200 பாகையையும் தாண்டும். அதில் குளிர்ந்த நீர் பட்டால் வெடித்துவிடும். ஒரு குழாய் உடைந்தாலும் தொட்டி முழுவதும் காலியாகும் என்பதால் உதிரியாக இரண்டு வாங்கி வையுங்கள்.

பொருத்துவதற்கு முன் ஒவ்வொரு குழாயின் மூடிய நுனியையும் பாருங்கள். அங்கே பேரியம் என்ற உலோகம் பூசியிருப்பதால் வெள்ளிபோல மின்னும். உள்ளே காற்று புகுந்திருந்தால் அது சுண்ணாம்பு வெள்ளையாக மாறியிருக்கும். அத்தகைய குழாயைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மாடியிலிருந்து குளியலறைக்கு எத்தனை அடி குழாய் இறங்குகிறது என்று எழுதுங்கள். அதற்கு மேலுறை போட வேண்டுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். தங்கைக்கு எங்கள் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
சிவசண்முகம்