பானெட், ரூஃப் கிளியர் கோட் 7 மாதத்தில் உரிந்தது குறித்த புகார்

அனுப்புநர்:
வாகன உரிமையாளர், மதுரை. பெயர், முகவரி, வண்டி எண் ஜாப் கார்டில் உள்ளபடி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.
நகல்: பாடி ஷாப் பொறுப்பாளர்.

பொருள்: கிளியர் கோட் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) வேலையில் சேவைக் குறைபாடு, அடிக்காத பேஸ் கோட்டுக்கு (நிறப் பூச்சு) பில் போட்டது, இரண்டு பேனல்களையும் கட்டணமின்றி மறுபடி அடித்துத் தரக் கோருவது.

பார்வை: கடந்த பிப்ரவரி மாத இன்வாய்ஸ், என் புகாருக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் பதில்.

ஐயா / அம்மையீர்,

பறவை எச்சம், வெயில், பிரஷர் வாஷ். கிளியர் கோட் உரிந்ததற்கு உங்கள் பதிலில் சொல்லியிருக்கும் காரணங்கள் இந்த மூன்றும்தான். அதனால் வாரண்டியில் வராது, வேண்டுமானால் இலவசமாக ஒரு பாலிஷ் போட்டுத் தருகிறோம், செராமிக் கோட்டிங்கில் 30 சதவீதம் தள்ளுபடி என்றும் எழுதியிருக்கிறீர்கள். வண்டியை நேரில் பார்க்காமல், சர்வீஸ் அட்வைசர் வாட்ஸ்அப்பில் வாங்கிய இரண்டு போட்டோக்களை மட்டும் வைத்து எழுதிய பதில் அது. உரிந்த பொருக்கு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இந்த மூன்றில் எதையும் எழுதியிருக்க மாட்டீர்கள். அதனால் பொருக்குகளையே இரண்டு உறைகளில் போட்டு, அ, ஆ என்று குறித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

முதலில் வேலை என்ன என்பதை நினைவுபடுத்துகிறேன். 11 வருடம் ஓடிய சிவப்பு வண்டி. கம்பெனியில் அடித்த கிளியர் கோட், பானெட்டின் முன் விளிம்பிலும் ரூஃபின் நடுவிலும் திட்டுத்திட்டாக உரிந்திருந்தது. வெயிலில் நிற்கிற 11 வருட வண்டிக்கு அது நடக்கக்கூடியதுதான், அதில் யார் மேலும் குறை இல்லை. ஜாப் கார்டில் நீங்கள் எழுதியது: ‘பானெட், ரூஃப், முழு பேனல் பெயின்ட், பேஸ் கோட் + கிளியர் கோட்’. வேலைக்கும் பொருளுக்கும் ரூ.13,800, ஜிஎஸ்டி 18 சதவீதம் ரூ.2,484, மொத்தம் ரூ.16,284. முழுத் தொகையும் கட்டியாகிவிட்டது. பொருள் பட்டியலில் பேஸ் கோட் 300 மி.லி., கிளியர், ஹார்ட்னரோடு (இறுகவைக்கும் சேர்மானம்) சேர்த்து 250 மி.லி. என்று இருக்கிறது. இந்த இரண்டு அளவுகளும் பின்னால் தேவைப்படும்.

இப்போது அ உறையைத் திறந்து பாருங்கள். பானெட்டில் வாஷர் நாசில் பக்கத்திலிருந்து எடுத்த பொருக்குகள், கட்டைவிரல் நகம் அளவு. ஒன்றை எடுத்து தினசரி மேல் வைத்தால் அடியில் இருக்கிற எழுத்தைப் படிக்க முடிகிறது. துளி சிவப்பு இல்லை. நீங்கள் பேஸ் கோட் அடித்து அதன்மேல் கிளியர் அடித்திருந்தால், உரிவது எங்கிருந்து உரிந்திருந்தாலும் இரண்டு இடத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கிளியரிலிருந்து விட்டிருந்தால் பேஸும் கிளியரும் சேர்ந்து சிவப்புப் பொருக்காக வந்திருக்கும். புது பேஸிலிருந்து கிளியர் மட்டும் விட்டிருந்தால், உரிந்த இடத்தில் மங்கலான, மேட் சிவப்பு தெரிந்திருக்கும். இங்கே பொருக்கு கண்ணாடி மாதிரி. உரிந்த இடமும் பளபளவென்று இருக்கிறது, ஏனென்றால் அங்கே தெரிவது கம்பெனியின் பழைய கிளியர். அதாவது பழைய கிளியர் மேல் நேரடியாகப் புதுக் கிளியர் அடித்திருக்கிறீர்கள். 300 மி.லி. பேஸ் கோட் இந்த வண்டிக்கு வரவில்லை.

அதே பொருக்கைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கிளியர் திரவமாக இருக்கும்போது கீழே உள்ள பரப்பின் அச்சை அப்படியே எடுத்துக்கொண்டு இறுகும். 600 அல்லது 800 நம்பர் பேப்பரில் தேய்த்த பரப்பாக இருந்தால் பொருக்கின் அடியில் அந்தக் கீறல்கள் நுண்ணிய கோடுகளாகப் பதிந்திருக்கும். ஒரு சாதாரணப் பூதக்கண்ணாடியே போதும். நாசிலைச் சுற்றியும், விளிம்பிலும், கண்ணாடியோரமும் எடுத்த பொருக்குகளில் ஒரு கோடுகூட இல்லை, வழவழ. மிஷின் எட்டாத இடங்கள் அவை. அங்கெல்லாம் சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட்டைக் கையில் பிடித்துத் தேய்க்க வேண்டும், தேய்க்கவில்லை. பளபளப்பான பழைய கிளியரில் புதுக் கிளியர் பிடிக்க ஒன்றும் இல்லை. முழுதாக இறுகிய பழைய கிளியரை மேலே வரும் கிளியரின் தின்னர் கரைக்காது. கீறல்தான் பிடிமானம். அது இல்லாத இடத்தில் ஒட்டியிருப்பது போலத் தெரியும், அவ்வளவுதான். மதுரை வெயிலில் நிற்கும் சிவப்பு ரூஃப் 60 டிகிரியைத் தாண்டும், ராத்திரி மறுபடி ஆறும். விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி, ஒரு விளிம்பில் கொஞ்சம் தண்ணீர் நுழைந்ததும் பாளமாக விட்டுவிடும்.

ஆ உறை ரூஃபின் நடுவிலிருந்து எடுத்தது. கம்பெனி கிளியர் ஏற்கனவே போயிருந்த திட்டு அது. இந்தப் பொருக்குகளின் அடியில் சிவப்புத் தூள் ஒட்டியிருக்கிறது, விரலால் தடவினால் விரலில் வருகிறது. கிளியர் போன பிறகு பல மாதம் வெயில் குடித்துச் சுண்ணாம்பாகிப்போன பழைய பேஸ் கோட் அது. அதைத் தேய்த்து எடுக்காமல் அதன்மேலேயே கிளியர் அடித்தது, தூசி படிந்த சுவரில் போஸ்டர் ஒட்டுவது போல. கிளியர் தூளைப் பிடித்துக்கொண்டது. தூள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

இனி அளவு. இரும்புத் தகட்டில் ஜீரோ வைத்து, ஷிம் (கனம் தெரிந்த மெல்லிய தகடு) வைத்துச் சரிபார்த்த, பூச்சின் கனம் அளக்கும் பெயின்ட் மீட்டரில் எடுத்தவை. யாரும் தொடாத நான்கு டோர்களில் 104 முதல் 116 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இ-கோட் (தகட்டில் முதலில் ஏறும் துரு தடுப்புப் பூச்சு) சுமார் 20, பிரைமர் 30 முதல் 35, பேஸ் 15, கிளியர் 40 என்று கூட்டினால் கம்பெனி பெயின்டுக்கு இது சாதாரண அளவு. பானெட்டில் உரியாத இடத்தில் 126 முதல் 134. அதற்கு ஒரு அங்குலம் தள்ளி, உரிந்த இடத்தில் 104 முதல் 110. வித்தியாசம் 22 முதல் 24 மைக்ரான். நீங்கள் அடித்த கிளியரின் மொத்த கனம் அதுதான். ரூஃப் நடுத் திட்டில், உரியாமல் மிச்சம் இருக்கிற இடத்தில் 92 முதல் 95. கிளியர் இல்லாத கம்பெனி அடுக்குகள் 70, உங்கள் கிளியர் 22, கூட்டினால் 92. புது பேஸ் கோட் உட்கார இதில் இடமே இல்லை.

22 மைக்ரான் எப்படி வந்தது என்பதை உங்கள் இன்வாய்ஸே சொல்கிறது. பானெட்டும் ரூஃபும் சேர்ந்து ஏறக்குறைய 3 சதுர மீட்டர். 50 மைக்ரான் காய்ந்த படலம் வேண்டுமென்றால் 150 மி.லி. திடப்பொருள் பேனலில் தங்க வேண்டும். கலந்து வைத்த கிளியரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் திடப்பொருள், மீதி ஆவியாகிவிடும். ஸ்ப்ரே கன்னிலிருந்து போவதில் ஏறக்குறைய பாதி பேனலில் விழாமல், பெயின்ட் அடிக்கும் அறையான பூத்தின் ஃபில்டரில் போய் விழும். ஆக 600 மி.லி.க்குக் குறையாமல் கலக்க வேண்டிய வேலை. 250 மி.லி. பில் போட்டிருக்கிறீர்கள். அதில் 20 சொச்சம் மைக்ரான்தான் வரும், வந்திருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரை மறிக்கும் சேர்மானம் கிளியரில்தான் இருக்கிறது. கனம் குறைந்தால் அந்த மறைப்பும் குறையும். உரியாமல் நிற்கிற இடங்களுக்கும் ஆயுசு குறைவு என்றுதான் இதற்கு அர்த்தம்.

உங்கள் காரணங்களுக்கு வருகிறேன். பறவை எச்சம் கிளியரை மேலிருந்து அரிக்கும். விழுந்த இடத்தில் அதே வடிவத்தில் மங்கலோ பள்ளமோ விழும். சுற்றிலும் இருப்பதைப் பாளமாகத் தூக்காது. வெயில் கிளியரை முதலில் மங்கவைக்கும், பிறகு வெளுக்கவைக்கும், வெடிக்கவைக்கும். அதற்கு வருடங்கள் ஆகும். இங்கே உரிந்த பொருக்கு இன்னும் தெளிவாகவே இருக்கிறது, மேல்பக்கம் பளபளப்புப் போகவில்லை. கிளியர் சாகவில்லை, பிடி விட்டிருக்கிறது. பிரஷர் வாஷ் உரிந்த விளிம்பைப் பெரிதாக்கும் என்பது உண்மை. ஆனால் அதே தண்ணீர் நான்கு டோர்களிலும் பட்டது. 11 வருடப் பழைய கிளியர் அங்கே அசையவில்லை.

ஒன்றில் உங்கள் பெயின்டரைக் குறை சொல்ல முடியாது. ஹார்ட்னர் குறைந்திருக்குமோ என்ற சந்தேகத்தில், பானெட்டின் உள்மடிப்பில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பார்த்தேன். பிசுபிசுக்கவில்லை, துணியில் எதுவும் வரவில்லை. கலவை சரியாகத்தான் இருந்திருக்கிறது. சரக்கும் நல்ல சரக்கு. கெட்டது தயாரிப்பு வேலையில்.

ரூஃபின் இரண்டு பக்கமும் ஓடும் ரப்பர் பீடிங்கைக் கழற்றாமல் அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்திருப்பதும் தெரிகிறது. டேப் உரித்த இடத்தில் கிளியர் செங்குத்தாக ஒரு படிபோல நிற்கிறது, நகத்தில் தட்டுகிறது. ரூஃபில் உரிதல் தொடங்கியது அந்தக் கோட்டில்தான். பீடிங்கைக் கழற்றப் பத்து நிமிஷம் ஆகாது.

இலவச பாலிஷ் வேண்டாம். பிடி விட்ட விளிம்பில் பாலிஷ் மிஷினின் பேட் பட்டால் மிச்சமும் கிளம்பும். பிடித்திருக்கிற இடத்தில், ஏற்கனவே 22 ஆக இருப்பதில் இன்னும் சில மைக்ரான் போகும். செராமிக் கோட்டிங் ஒன்றிரண்டு மைக்ரான் கனம். கீழே உள்ளது நின்றால்தான் அது நிற்கும்.

மறுபடி அடிக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதுவதற்குக் காரணம், இன்னொரு தடவை மேலாக ஒரு கிளியர் அடித்து அனுப்பிவிடக் கூடாது என்பதுதான். விட்டிருக்கும் கிளியர் முழுவதும் வர வேண்டும். காற்றடித்து வருவது வரட்டும். மீதியை 320 நம்பர் பேப்பரில் டிஏ சேண்டர் (சுழன்று தேய்க்கும் மிஷின்) போட்டு எடுக்க வேண்டும். சுண்ணாம்பான பேஸும் அதோடு போக வேண்டும். பழைய கிளியரின் விளிம்பு விரல்நகத்தில் தட்டாத அளவுக்குச் சரிந்திருக்க வேண்டும். தேய்க்கும்போது எங்கேயாவது தகடு தெரிந்தால் அங்கே எபாக்ஸி பிரைமர். அதன்பின் முழு பேனலுக்கும் டூ-கே சர்ஃபேசர் (ஹார்ட்னர் கலந்து அடிக்கும், பரப்பைச் சமன்படுத்தும் பிரைமர்), திட்டுக்கு மட்டும் அல்ல. திட்டுக்கு மட்டும் அடித்து விட்டால் பேஸ் கோட்டின் தின்னர் பழைய கிளியரின் சரிந்த விளிம்பில் ஊறி, சில வாரத்தில் தேசப்படம் போல வளையம் எழும்பும். அப்போது மறுபடி ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

சர்ஃபேசர் காய்ந்ததும் கைடு கோட் (மேடுபள்ளம் காட்டும் மெல்லிய நிறத் தூவல்) தூவி, 600 நம்பரில் பிளாக் போட்டுத் தேய்த்து, மூலைமுடுக்குகளை ஸ்காட்ச்-பிரைட்டில் முடிக்கலாம். டிகிரீசர் (எண்ணெய் நீக்கி) ஒரு துணியில் போட்டுத் துடைத்தால், காயும் முன் இன்னொரு துணியில் எடுக்க வேண்டும். ஒரே துணியில் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிர போகாது. பீடிங், ஆன்டெனா, வாஷர் நாசில் மூன்றும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். பானெட் தனிப் பேனல், ரூஃபின் ஓரம் பீடிங் பள்ளத்தில் முடிகிறது; நடுப் பேனலில் ஃபேட் செய்து (படிப்படியாக மெலிய விட்டு) நிறுத்த வேண்டிய அவசியம் எங்கேயும் இல்லை. கிளியர் பானெட்டின் உள்மடிப்பு வரை திரும்பிப் போக வேண்டும். பேஸ் கோட் நிறம் மூடும் வரை, ஒவ்வொரு கோட்டும் ஈரப் பளபளப்பு அடங்கி மங்கிய பிறகே அடுத்தது. கிளியர் இரண்டு முழு கோட், நடுவில் பத்து நிமிஷம், சேர்ந்து 50 முதல் 60 மைக்ரான். மதுரைச் சூட்டில் ஸ்லோ ஹார்ட்னர் போடச் சொல்லுங்கள். ஃபாஸ்ட் போட்டால் மேல்தோல் முந்திக் காய்ந்து உள்ளே மாட்டிய தின்னர் ஊசித்துளையாக வெடிக்கும். பேக்கிங் 60 டிகிரியில் 30 நிமிஷம் என்றால் தகட்டில் 60 டிகிரி, பூத்தின் போர்டில் காட்டும் காற்றின் சூடு அல்ல.

நான் கேட்பது: இரண்டு பேனல்களையும் மேலே சொன்னபடி கட்டணமின்றி அடித்து, சர்ஃபேசர் கட்டத்திலும் கிளியர் முடிந்த பின்னும் என் முன்னிலையில் மீட்டர் வைத்து அளவை ஜாப் கார்டில் எழுதித் தர வேண்டும், உரிதலுக்கு 2 வருட வாரண்டி எழுத்தில் வேண்டும். முடியாதென்றால் ரூ.16,284ஐத் திருப்பித் தாருங்கள், வேலையை வேறிடத்தில் பார்த்துக்கொள்கிறேன். அடிக்காத பேஸ் கோட்டுக்குப் பில் போட்டது எப்படி என்பதற்கு எழுத்தில் விளக்கம் இரண்டு நிலையிலும் வேண்டும்.

சொன்னதில் சந்தேகம் இருந்தால் வண்டியைக் கொண்டுவருகிறேன். பானெட்டில், எப்படியும் மறுபடி அடிக்கப்போகிற இடத்தில், பூச்சின் பிடிமானத்தைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 2409 முறைப்படி கிராஸ்-கட் போட்டுப் பார்க்கலாம். இந்தக் கனத்துக்கு 3 மி.மீ. இடைவெளியில் கட்டம் கீறி, டேப் ஒட்டி இழுத்தால் 0 (நன்றாகப் பிடித்திருக்கிறது) முதல் 5 (மிக மோசம்) வரை மதிப்பு வரும். ஐந்து நிமிஷ வேலை. உங்கள் பெயின்டரே கீறட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரூ.5 லட்சம் வரையிலான மனுவுக்குக் கட்டணம் கிடையாது, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருட அவகாசமும் உண்டு. உறைகளில் இருப்பது பாதிப் பொருக்குகள்தான், மீதியை அதற்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்

இணைப்பு: பொருக்கு உறைகள் 2, இன்வாய்ஸ், ஜாப் கார்டு நகல்கள், மீட்டர் அளவுகள் தெரியும் போட்டோக்கள் 14.